மிஷின் கொடுத்தாச்சு, மீதியை யார் கொடுப்பது?



தினமும் காலையில் ரோஜாப்பூப் படத்தோடு வணக்கம் அனுப்புகிறீர்கள். சந்தோஷம். இன்றைக்கு நான் பதிலுக்குப் பூ அனுப்பப் போவதில்லை, சண்டை போடப் போகிறேன். முப்பத்து நாலு வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவள், சுருக்கமாகச் சொல்ல வராது. அடுப்பில் எதையாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

நம் ஆத்தூரில் தையல் மிஷின் இல்லாத தெரு கிடையாது. எங்கள் தெருவில் மட்டும் ஏழு மிஷின். ஓடுவது இரண்டு. மற்ற ஐந்தில் ஒன்றின் மேல் டிவி இருக்கிறது, ஒன்றின் மேல் தண்ணீர்க் குடம், ஒன்றின் மேல் மடிக்காத துணி மலைபோல. இன்னொன்றின் கால்மிதியில் கோழி அடைகிறது. மிச்சம் ஒன்று பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. வாங்கின அன்றைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டி ஓட்டின மிஷின்கள்தான் எல்லாமே. யாரும் சோம்பேறி இல்லை. முதல் மாதத்தில் ஒரு சின்னக் கோளாறு வந்திருக்கிறது. கேட்க ஆள் இல்லை. அதோடு மூடி போட்டாச்சு.

இது பல வருஷமாக நடப்பதுதானே, இப்போது என்ன வந்தது என்று கேட்பீர்கள். வெள்ளம் வந்தது.

2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளையும் நம்மில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி ஏரலையும் நம்மையும் என்ன பாடு படுத்தினாள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாழை போச்சு, வெற்றிலைக் கொடிக்கால் போச்சு. அந்த வருஷம்தான் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று ஸ்வீட் கொடுத்திருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? அப்புறம் வெளியூரிலிருந்து லாரி லாரியாக நிவாரணம் வந்தது. அரிசி தீர்ந்தது, பால் பவுடர் தீர்ந்தது. தீராமல் கிடந்தது துணி மூட்டை. கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை, நல்ல மனசுதான். ஆனால் ஜாக்கெட் இல்லாத சேலை, நைந்த சேலை, நமக்குச் சேராத அளவில் சுடிதார் என்று மூட்டை மூட்டையாக மிஞ்சியது.

வீட்டில் பாய், மெத்தை எல்லாம் சேறு. தரை ஈரம் வாரக்கணக்கில் காயவில்லை. அப்போதுதான் எங்கள் தெருப் பெண்கள் சிலர் அந்த மூட்டைகளைப் பிரித்து, நல்ல காட்டன் சேலையாகப் பொறுக்கி, மூன்று நாலு அடுக்காக வைத்துத் தைத்து விரிப்பு பண்ணலாம் என்று உட்கார்ந்தார்கள். நம் பாட்டிமார் கையால் தைத்த அதே விரிப்புதான். பட்டணத்தில் இதற்குக் குயில்ட் என்று பெயர். கையால் தைத்தால் ஒரு விரிப்பு முடிய எத்தனையோ நாள். பிள்ளை இன்றைக்கு ராத்திரி எதில் படுக்கும்? அதனால் மிஷினில் தைக்கலாம் என்றார்கள். கெட்டிக்காரத்தனமான முடிவு.

பொங்கலுக்குள் எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஒருத்திக்கு ஊசி ஒடிந்துகொண்டே இருந்தது. ஒருத்திக்கு மேல் சேலை நகர்ந்து நகர்ந்து, கடைசியில் ஒரு சாண் துணி சுருக்கமாகக் குவிந்துவிட்டது. இன்னொருத்திக்குத் துணியின் அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகக் குருவிக்கூடு மாதிரி. இவள் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்தவள், நல்ல மண்டை. மூன்று நாள் போராடிவிட்டு, "டீச்சர், மிஷின் செத்துப் போச்சு"ன்னு வந்து நின்றாள். மிச்சச் சேலைகளை ஆற்றோரம் போட்டுக் கொளுத்தினார்கள்.

மிஷின் சாகவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அவளுடைய கோளாறைக் கொஞ்சம் விளக்குகிறேன், தையல் தெரியாத ஆண்பிள்ளைகளும் படியுங்கள், உங்கள் வீட்டிலும் ஒரு மிஷின் தூங்கிக்கொண்டிருக்கும்.

நூல் கொத்துச் சேருவது அடிப்பக்கம். அதனால் எல்லோரும் அடி நூலைச் சந்தேகப்படுகிறார்கள். பாபினை மாற்றுகிறார்கள், பாபின் கேஸில் இருக்கிற பொடி ஸ்க்ரூவைத் திருகுகிறார்கள், அது இன்னும் கெட்டுப்போகிறது. ஆனால் முக்கால்வாசி நேரம் குற்றவாளி மேல் நூல். டென்ஷன் என்று சொல்கிறோமே, அந்த இரண்டு வட்டத் தகட்டுக்கு நடுவில் நூல் சரியாக உட்காரவில்லை. பிடிப்பு இல்லாத மேல் நூல் தொளதொளவென்று கீழே போய்க் குவிகிறது. ஏன் உட்காரவில்லை? நூல் கோக்கும்போது ஃபுட் கீழே இறங்கி இருந்திருக்கிறது. ஃபுட் இறங்கியிருந்தால் தகடுகள் இறுக மூடிக்கொள்ளும், நூல் உள்ளே போகாமல் விளிம்பிலேயே நிற்கும். ஃபுட்டைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து நூல் கோத்தால் தீர்ந்தது. ஒரு நிமிஷ வேலை. ஒரு பைசா செலவு இல்லை. இந்த ஒரு வாக்கியம் கிடைக்காமல் எத்தனை மிஷின் டிவி ஸ்டாண்டு ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சேலை நகர்ந்து குவிகிறதே, அதற்கும் காரணம் இருக்கிறது. மிஷினின் அடிப்பல் கீழ்த் துணியை மட்டும்தான் பிடித்து இழுக்கும். மேல் துணியை ஃபுட் அமுக்கிக்கொண்டு இருக்கும். ஆக அடிச் சேலை வேகமாகப் போகும், மேல் சேலை பின்தங்கும். ஒரு தையலுக்கு மயிரிழை வித்தியாசம்தான். ஆறடி ஓடும்போது அது ஒரு சாண் ஆகிவிடும். ஜாக்கெட்டில் இரண்டு அடுக்கு, சின்னத் தையல், அதனால் தெரியாது. விரிப்பில் மானத்தை வாங்கும். ஃபுட்டின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு மேலே இருக்கிறது, அதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். தையலைப் பெரிதாக வைக்க வேண்டும், அங்குலத்துக்கு எட்டு பத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்கு முன்னால் எல்லா அடுக்கையும் தரையில் இழுத்துப் பரத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு சாண் இடைவெளியில் கையால் நூலோட்டம் போட்டுவிட வேண்டும். மிஷின் தையலையும் நடுவிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். ஓரத்தில் ஆரம்பித்தால் சுருக்கம் போக இடமில்லாமல் நடுவில் சிக்கும். வெளிநாட்டில் மேலேயும் பல் வைத்த ஒரு தனி ஃபுட்டே விற்கிறார்கள், இரண்டு துணியும் சேர்ந்து நகரும். நம் கறுப்பு மிஷின்காரிக்கு அது கிடைக்காவிட்டாலும் நூலோட்டம் கிடைக்கும்.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன்.

மிஷின் கொடுக்கிற திட்டங்களுக்கு நம் நாட்டில் பஞ்சம் இல்லை. தமிழ்நாட்டில் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் ஆகியோருக்கு இலவசமாக மிஷின் தருகிறார்கள். மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பரில் தொடங்கியது. 18 தொழில்களில் தையலும் ஒன்று, அஞ்சு ஏழு நாள் அடிப்படைப் பயிற்சி, கருவி வாங்க 15,000 ரூபாய் வரை. நல்ல காரியங்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் மேடையில் மிஷினைக் கையில் கொடுத்து போட்டோ எடுக்கிறார்களே, அந்த மிஷின் பதினைந்தாம் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மக்கர் பண்ணும்போது அவள் எதைப் புரட்டுவாள்? பெட்டிக்குள் இருக்கிற காகிதம் பாதி நேரம் இங்கிலீஷில். பயிற்சியில் கற்றுக்கொடுத்தது ஜாக்கெட் வெட்டுவது. நோட்டில் வரைந்த ஜாக்கெட் படம், கலர் பேப்பரில் வெட்டி ஒட்டின குட்டிச் சட்டை, கடைசியில் சான்றிதழ். பாபின் கேஸைக் கழற்றித் தூசி எடுப்பது எப்படி என்று அந்த நோட்டில் ஒரு பக்கம் பார்த்திருக்கிறீர்களா? நான் பத்துப் பன்னிரண்டு நோட்டு வாங்கிப் பார்த்துவிட்டேன். இல்லை. பரீட்சையில் வராததைப் பாடத்தில் சேர்க்க மாட்டார்கள். இந்த வியாதி எனக்குத் தெரியாததா, அதிலேயே சம்பளம் வாங்கியவள்.

ஆகவே நாமே ஒரு பொது நோட்டு போட வேண்டும் என்கிறேன். மிஷினில் விரிப்பு தைக்கப் புதிதாக உட்காருகிறவளுக்கு வரும் கோளாறுகளும் அதற்கான வைத்தியமும், நம் பேச்சில், நம் மிஷினுக்கு. பலர் எழுதி, எல்லோரும் எடுத்துப் பார்க்கிற நோட்டு.

இதை நான் பேச்சுவாக்கில் சொன்ன நாளிலிருந்து ஆளாளுக்கு ஒரு தடை. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பெங்களூரில் இருக்கிற என் சம்பந்தி வீட்டுப் பிள்ளை சொல்கிறது: "அத்தை, எல்லாம் யூட்யூப்ல இருக்கு. எதுக்கு நோட்டு?" இருக்கிறது தம்பி. ஜாக்கெட் கட்டிங் தமிழில் ஆயிரம் இருக்கிறது. மிஷின் குயில்ட்டிங் என்று தேடினால் வருவது பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்கள். கண்ணாடி மாதிரி மேஜை, கரண்ட் மிஷின், பீட்சா வெட்டுகிற மாதிரி உருளைக் கத்தி, அதற்கு அடியில் வைக்கத் தனிப் பலகை, மெத்தைக்குள் வைக்கத் தனிப் பஞ்சு விரிப்பு. நம் பெண் அதைப் பார்த்து, "இதெல்லாம் இருந்தால்தான் தைக்க முடியும்போல" என்று போனைக் கீழே வைக்கிறாள். அவளிடம் இருப்பது கால் மிஷின், வீட்டுக் கத்தரி, பழைய வேட்டி. நடு அடுக்குக்குப் பழைய வேட்டியே போதும் என்று அவளிடம் சொல்ல அந்த வீடியோவில் ஆள் இல்லை. அதோடு, இருபது நிமிஷ வீடியோவில் அவளுக்கு வேண்டிய அரை நிமிஷம் எங்கே இருக்கிறது? கையில் மிஷின் எண்ணெயோடு தேடச் சொல்கிறாயா? நோட்டு என்றால் "நூல் கொத்துச் சேருதா? பக்கம் மூணு." அவ்வளவுதான்.

அடுத்த தடை தொழில்காரர்களிடமிருந்து. டெய்லர் கடை வைத்திருக்கிற என் பழைய மாணவன் ஒருவன், பெயர் சொல்லவில்லை, அவனுக்கே தெரியும். "எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டா எங்ககிட்ட எவ டீச்சர் வருவா?" என்றான். நியாயமான பயம், அதனால் நியாயமாகவே பதில் சொல்கிறேன். ஷட்டிலும் ஊசியும் சந்திக்கிற டைமிங் தவறிவிட்டால் அதை நோட்டைப் பார்த்து யாரும் சரி பண்ண முடியாது. மெக்கானிக்தான் வர வேண்டும். எந்த ஸ்க்ரூவைத் தொடவே கூடாது என்பதற்கு நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன், "இங்கே கை வைக்காதே, ஆளைக் கூப்பிடு" என்று கொட்டை எழுத்தில். ஃபுட்டைத் தூக்கி நூல் கோப்பதற்கு உனக்கு 200 ரூபாய் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். இன்னொன்றும் யோசி. பழைய இரும்புக்குப் போன மிஷினுக்கு எவளும் உன்னிடம் சர்வீஸ் பண்ண வர மாட்டாள், உன் கடையில் நூலும் வாங்க மாட்டாள். ஓடுகிற மிஷின்தான் உனக்கும் சோறு.

மூன்றாவது தடைக்கு நான் மரியாதை வைத்திருக்கிறேன். எங்கள் பெரியம்மா மகள், நாற்பது வருஷம் தைத்தவள், மைனிமாருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவள். "எழுத்துல வராது, பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சுத்தான் வரும்" என்கிறாள். ஆமாம் அக்கா. துணி ஊசிக்கு அடியில் போகும்போது விரல் எவ்வளவு தள்ள வேண்டும், எவ்வளவு விட வேண்டும் என்பதை எந்த நோட்டும் சொல்லாது. ஆனால் உன் பக்கத்தில் உட்கார ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது? நீ மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போய் மூன்று மாதம் இருந்தாயே, அப்போது இங்கே ஊசி ஒடிந்தவள் யாரிடம் போவாள்?

நம் கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். குளிப்பவர் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குவார், மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கயிற்றில் ஒரு அசைவு வந்தால் இழுத்துவிட வேண்டும். கடலுக்கு அடியில் எதைப் பார்த்தார்கள், மூச்சை எப்படிப் பங்கு வைத்தார்கள், எந்த நீரோட்டத்தில் இறங்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்தது பெரும் படிப்பு. ஜேம்ஸ் ஹார்னெல் என்ற வெள்ளைக்கார மீன்வளத் துறை அதிகாரி மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு பற்றி 1922-இல் புத்தகமே போட்டார். குளித்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைப்பிடித்துத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். குளிப்பு நின்றதும் கை பிடிக்க ஆள் இல்லாமல் போயிற்று. இன்றைக்கு அதைத் தெரிந்துகொள்ள நாம் ஹார்னெலைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. அக்கா, உன் நாற்பது வருஷமும் அப்படிப் போக வேண்டுமா? நீ சொல்லு, எழுத நான் இருக்கிறேன்.

கடைசித் தடைதான் எனக்கு ஆத்திரம் மூட்டியது. சொந்தத்தில் ஒரு மதினி, "பழந்துணியை ஒட்டுப் போட்டுப் படுக்க நாம என்ன இல்லாதவங்களா? அதுக்கு ஒரு நோட்டு வேறயா?" என்று சிரித்தாள். மதினி, நீங்கள் சிரித்த அதே ஒட்டுத்துணியை அமெரிக்காவில் மியூசியத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு பட்டிக்காடு. அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள். கிழிந்த வேலைச்சட்டை, மாவுச் சாக்கு எல்லாவற்றையும் சேர்த்துக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 1966-இல் அந்தப் பகுதிக் கறுப்பினப் பெண்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து விற்கத் தொடங்கினார்கள். 2002-இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய மியூசியங்களில் ஜீஸ் பெண்ட் போர்வைகள் ஓவியங்கள் மாதிரி சுவரில் தொங்கின. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் வங்காளத்துக் காந்தா இருக்கிறது. வட கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கிற கவுந்தி இருக்கிறது. அவர்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நான் மேலே சொன்னதற்கு நேர் எதிர், ஆனால் அது கைத்தையல், மிஷின் இல்லை. டெல்லியில் 1999-இல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, ஊர் ஊராகச் சேருகிற பழந்துணியில் இப்படி விரிப்புகள் தைக்க வைக்கிறது. அதை நடத்துகிற அன்ஷு குப்தாவுக்கு 2015-இல் மகசேசே விருதே கொடுத்தார்கள். சென்னையில் 2019-இல் இந்திய அளவில் குயில்ட் திருவிழா நடந்தது, அங்கே வந்தவர்கள் யாரும் இல்லாதவர்கள் இல்லை. வெள்ளத்துக்கு வந்த மூட்டையை நாம் கொளுத்தினோம்.

கையால் தைத்தால்தான் கலை, மிஷின் என்றால் மட்டம் என்று ஒரு கூட்டம் அங்கேயும் இருந்ததாம். 1989-இல் அமெரிக்காவில் படூக்கா என்ற ஊரில் நடந்த பெரிய போட்டியில், சூரிய கிரகணத்தை வைத்து முழுக்க மிஷினில் தைத்த ஒரு குயில்ட்டுக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். கேரில் ஃபாலர்ட் என்ற அம்மாள் தைத்தது. மிஷின் தையலுக்கு அந்தப் பரிசு அதுதான் முதல் தடவை. பெரிய சண்டையாகி, அப்புறம் அடங்கியது. நம் ஊரிலும் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறார், சாதாரண ஆள் இல்லை. எந்திரங்களையே எதிர்க்கிறீர்களா என்று 1924-இல் ஜி. ராமச்சந்திரன் கேட்டபோது, காந்தி தையல் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பினால் சிங்கர் செய்தது என்றும் சொன்னார். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. சிங்கருக்கு முன்னாலேயே, 1846-இல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கியாச்சு. சிங்கர் நினைத்தது பணத்தைத்தான். இருந்தாலும் காந்தியே சம்மதம் கொடுத்த பிறகு நம் மதினிக்கு என்ன? கேள்வி கேட்ட அந்த ராமச்சந்திரன்தான் பிற்பாடு சௌந்தரம் அம்மாளோடு சேர்ந்து 1947-இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கியவர்.

சரி, நோட்டு எப்படி இருக்க வேண்டும்?

ஒரு பக்கத்துக்கு ஒரு கோளாறு. தலைப்பு அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். "மேல் நூல் டென்ஷன் குறைபாடு" என்று எழுதினால் அவளுக்கு எப்படித் தெரியும் அவளுடைய கோளாறு அதுதான் என்று? அது தெரிந்தால் நோட்டே வேண்டாமே. "அடியில் நூல் கொத்துச் சேருது", "தையல் விட்டு விட்டு விழுது", "ஊசி ஒடியுது" என்றுதான் இருக்க வேண்டும். தமிழாசிரியர் நண்பர் ஒருவர் பாபினுக்கும் டென்ஷனுக்கும் தனித்தமிழ்ச் சொல் ஆக்கித் தருகிறேன் என்றார். ஐயா, உங்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு, ஆனால் கடையில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் அவளுக்கு ஊறுகாய்ப் பாட்டில்தான் கிடைக்கும். ஊசி, நூல், பல், கத்தரி என்று தமிழில் ஏற்கெனவே இருப்பது இருக்கட்டும், பாபின் பாபினாகவே இருக்கட்டும்.

ஒவ்வொரு பக்கத்திலும் காரணம் ஒரு வரியாவது இருக்க வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஊசியை எப்படி மாட்டுவது என்று எழுதும்போது "தட்டைப் பக்கம் வலது பார்த்து" என்று எழுதினால் அது ஒரு மிஷினுக்குச் சரி, இன்னொன்றுக்குத் தப்பு. ஊசியில் ஒரு பக்கம் நீளமாகப் பள்ளம் ஓடும், அந்தப் பள்ளம் நூல் நுழைகிற பக்கம் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஊசி துணிக்குள் இறங்கும்போது நூல் அந்தப் பள்ளத்தில்தான் படுத்துக்கொண்டு போகிறது என்று எழுதினால் எந்த மிஷினுக்கும் பொருந்தும். அதற்கப்புறம் அவள் யாரையும் கேட்க மாட்டாள், பிறருக்குச் சொல்லியும் கொடுப்பாள். கணக்கிலும் இப்படித்தான். சூத்திரத்தை மட்டும் நெட்டுருப் போட்டவன் கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் முழிப்பான்.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது, வெட்டுக் கணக்குக்கு இரண்டு பக்கம் நான் எழுதிவிட்டேன். நாலு அங்குலச் சதுரம் பன்னிரண்டு வைத்து ஒரு வரிசை தைத்தால் 48 அங்குலம் வர வேண்டும், 42-தான் வருகிறது, துணி சுருங்கிவிட்டது என்கிறார்கள். துணி சுருங்கவில்லை. ஒவ்வொரு தையலும் இரண்டு துண்டிலும் கால் கால் அங்குலம் சாப்பிடுகிறது. ஒரு சதுரத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து அரை அங்குலம், பன்னிரண்டுக்கு ஆறு. ஆகவே நாலு வேண்டும் என்றால் நாலரை வெட்டு. ஏழாம் வகுப்புக் கணக்கு. அப்புறம் சேலைக் கணக்கு. பதினெட்டு அடிச் சேலையில் ஏழு ஏழு அடியாக இரண்டு துண்டு, நாலடி மிச்சம். அகலம் முக்கால் குறைய நாலரை, அதாவது மூணே முக்கால் அடி. இரண்டையும் பக்கவாட்டில் சேர்த்தால் ஏழரை, தையலுக்குப் போனது போக இரட்டைக் கட்டிலுக்கு ஒரு அடுக்கு. மூன்று சேலைக்கு ஒரு பெரிய விரிப்பு. முதலில் நனைத்துக் காயவைத்துக்கொள்ளுங்கள். சாயம் போகிற சிவப்புச் சேலையை வெள்ளை வேட்டியோடு சேர்த்துத் தைத்துவிட்டு அழக் கூடாது.

பெரிய விரிப்பு மிஷினின் கழுத்துக்குள் நுழையாது என்பது இன்னொரு பக்கம். ஊசிக்கு வலப்பக்கம் இருக்கிற இடைவெளிதான் எல்லை. பாய் மாதிரி இரண்டு பக்கமும் சுருட்டி நுழைக்கலாம். அதுவும் முடியாவிட்டால் மூன்று பாகமாகத் தனித்தனியே தைத்துக் கடைசியில் சேர்க்கலாம். ஊசி 16, ரொம்பத் தடிமன் என்றால் 18. ஜாக்கெட்டுக்குப் போட்ட பழைய ஊசியிலேயே நாலு அடுக்குச் சேலை தைத்தால் ஒடியத்தான் செய்யும்.

நம் கடற்கரைக்கென்று சில பக்கம் கட்டாயம் வேண்டும், அதை வேறு எந்த ஊர்ப் புத்தகமும் எழுதாது. உப்புக்காற்றில் மிஷின் வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய் கேட்கும். தேங்காயெண்ணெய் ஊற்றாதீர்கள், அது பிசினாக இறுகிவிடும், மிஷின் எண்ணெய் மட்டும். வெள்ளத்தில் முங்கின மிஷினை முதலில் நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து, மூட்டுக்கெல்லாம் மண்ணெண்ணெய் விட்டு ஓட்டி அழுக்கைக் கக்க வைத்து, அதைத் துடைத்துவிட்டு அப்புறம் எண்ணெய் போட வேண்டும். மோட்டார் வைத்தது என்றால் மோட்டாரைக் கழற்றாமல் கரண்டு கொடுக்கவே கூடாது. அந்த டிசம்பரில் இந்த நாலு வரி ஒரு காகிதத்தில் இருந்திருந்தால், இரும்பு விலைக்குப் போன மிஷின்களில் பாதியாவது வீட்டில் இருந்திருக்கும்.

தப்பான வைத்தியத்தையும் அழிக்காதீர்கள். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் ஏன் தப்பு என்று எழுதி வையுங்கள். அடுத்தவளும் முதலில் அதைத்தான் யோசிப்பாள். நூல் கம்பெனி, மிஷின் கம்பெனி எதையும் தூக்கிப் பிடித்து எழுதக் கூடாது. யாரும் அட்டையில் தன் பெயரைப் போடக் கூடாது, என் பெயர் உட்பட. விலை கிடையாது, ஜெராக்ஸ் காசு மட்டும். ஸ்பிரிங் வைத்துக் கட்டாமல் கோப்பில் போட்டு வைப்போம், பக்கம் சேர்க்கவும் மாற்றவும் வசதி. ஒரு பிரதி நூலகத்தில், ஒன்று மகளிர் குழு கூடுகிற இடத்தில், ஒன்று நூல் கடையில், கயிறு கட்டித் தொங்கவிட்டு. கயிறு கட்டாயம். நம் ஊரை எனக்குத் தெரியும்.

யார் எதைச் செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் பணம் அனுப்ப வேண்டாம். உங்கள் ஊரில் குயில்ட் தைக்கிற அம்மாமார் இருப்பார்கள், அவர்களிடம் போய், "ஆரம்பத்தில் உங்களுக்கு என்ன தகராறு வந்தது" என்று மட்டும் கேட்டு எழுதி அனுப்புங்கள். படம் வரையத் தெரிந்த பிள்ளைகள் டென்ஷன் தகட்டுக்குள் நூல் போகிற வழியைப் பெரிதாக வரைந்து தர வேண்டும், அம்புக்குறியோடு. தைக்கத் தெரிந்தவர்கள் எழுத வராவிட்டால் பேசி அனுப்புங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். மூடி போட்ட மிஷின் வைத்திருக்கிறவர்கள்தான் எனக்கு ரொம்ப முக்கியம். எந்த இடத்தில் விட்டீர்கள் என்று சொல்லுங்கள். தைப் பொங்கலுக்கு முன்னால் முப்பது பக்கம் சேர்ந்தாலே முதல் ஜெராக்ஸ் போட்டுவிடலாம். ஏழு பக்கம் இருக்கிறது.

அக்கா, உன் வீட்டுக்கு வியாழக்கிழமை சாயங்காலம் நோட்டும் பேனாவுமாக வருகிறேன், எங்கேயும் போய்விடாதே.

போட்டோ அனுப்புகிறவர்கள் மிஷினைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் இழுத்து, பின்னால் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு எடுங்கள். கறுப்பு மிஷினை இருட்டில் எடுத்து அனுப்பினால் பழைய பழக்கத்தில் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடுவேன்.